ஐந்தரை மணி வகுப்பு யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை, திங்கள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வானுக்குள் இருந்து வாசித்தேன். வன்னிப் பிள்ளைகள் விடிய எழும்பிப் படிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டார்கள், சோம்பல் கூடிவிட்டது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு கீழே போவதற்கு அதுதான் காரணம் என்று முடித்திருந்தார். பல பிள்ளைகளை ஆளாக்கிய பெரியவர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் சொல்கிற அந்தச் சோம்பேறிப் பிள்ளைகளை விடியப்புறம் வீட்டு வாசலில் நின்று ஏற்றுகிறவன் நான். அதனால் என் பக்கக் கதையையும் நாலு பேர் கேட்கட்டும் என்று எழுதுகிறேன்.

விசுவமடுவிலிருந்து தர்மபுரம், பரந்தன் ஊடாகக் கிளிநொச்சி நகரப் பாடசாலைகளுக்குப் போகும் வான் என்னுடையது. பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. அதற்காக மட்டும் என்றால் முதலாவது பிள்ளையை ஆறு மணிக்கு ஏற்றினால் போதும். ஆனால் தரம் 5 பிள்ளைகளுக்குக் கிழமையில் சில நாட்கள் காலை ஐந்தரைக்கு ரியூசன் வகுப்பு. இப்போது தரம் 4 பிள்ளைகளும் அதில் சேர்ந்துவிட்டார்கள். அந்த நாட்களில் ஐந்து மணிக்கு முதலே என் வான் றோட்டில் நிற்கும். அந்த ஓட்டத்துக்கு எனக்குத் தனியாகக் காசு வருகிறது என்பதையும் சேர்த்தே இந்தக் கடிதத்தை வாசியுங்கள்.

அந்த நேரத்தில் நான் ஹோர்ன் அடிப்பதில்லை. வாசலில் நிறுத்தி லைட்டை ஒரு தரம் போட்டு அணைப்பேன். குசினி லைட் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே தாய் கெஞ்சுவது கேட்கும், பிறகு அதட்டுவது, பிறகு பிள்ளையின் சிணுங்கல். "அண்ணை, ஒரு நிமிசம் நில்லுங்கோ, பிள்ளை இப்பத்தான் எழும்பினவ" என்று குரல் வரும். ஒரு வீட்டில் தாய் பிள்ளையின் ஒரு பக்கப் பின்னலை வீட்டுக்குள் முடித்து, மற்றப் பக்கத்தை வான் கதவடியில் நின்று பின்னுவார். றிபன் அவருடைய வாயில் இருக்கும். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். பின்னி முடித்துப் படியில் ஏற்றிவிட்டால், கையில் கொடுத்த பாண் துண்டில் ஒரு கடி கடித்துவிட்டு அதைப் பிடித்தபடியே தூங்கிவிடும். தர்மபுரம் வருமுன் வானில் சத்தமே இருக்காது. ஜன்னலோரம் இருக்கிற பொடியன் ஒருவனுடைய தலை ஒவ்வொரு குழிக்கும் கண்ணாடியில் போய் இடிக்கும். அதற்கென்று பழைய சாரம் ஒன்றைச் சுருட்டிக் கண்ணாடிப் பக்கம் வைத்திருக்கிறேன். பரந்தனில் வகுப்பு வாசலில் இறக்கும்போது எழுப்புவதுதான் பெரிய வேலை. தாய் ஒருமுறை எழுப்பிவிட்ட பிள்ளையை நான் இரண்டாம் முறை எழுப்ப வேண்டும்.

இந்தப் பிள்ளைகளின் ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள். ஏழு மணிவரை அந்த வகுப்பு. பிறகு பாடசாலை. ஒன்றரைக்கு மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக, புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு. மாலை நாலு மணிக்கு இன்னொரு ரியூசன். வீடு போய்ச் சேர ஆறே முக்கால். மேல் கழுவி, சாப்பிட்டு, வீட்டுவேலை செய்து, மாதிரி வினாத்தாள் ஒன்றும் செய்து படுக்கப் பத்து மணி. அடுத்த நாள் நாலேகாலுக்கு எழும்ப வேண்டும். ஆறேகால் மணித்தியாலம். பத்து வயதுப் பிள்ளைக்கு.

என் மனைவி குடும்பநல உத்தியோகத்தர். கிளினிக்கில் தாய்மாருக்குச் சொல்வதை வீட்டில் எனக்கும் சொல்வார், கேட்காவிட்டால் சோறு தாமதமாகும். 6 முதல் 12 வயதுவரையான பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும் என்பார். 3 முதல் 5 வயதென்றால் பகல் நித்திரையும் சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10. அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016 இல் வெளியிட்ட கணக்கு இது. வெள்ளைக்காரப் பிள்ளையின் கணக்கு நமக்கெதற்கு என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். நித்திரையில் வெள்ளைக்காரப் பிள்ளை, விசுவமடுப் பிள்ளை என்று இல்லை அண்ணை என்றேன். அவர் சிரித்தார். ஆனால் மகனை வகுப்பிலிருந்து எடுக்கவில்லை.

அதிபர் ஐயா "சோம்பல்" என்கிறார். நான் மத்தியானம் காண்பதைச் சொல்கிறேன். நித்திரை போதாத பெரியவன் தூங்கி வழிவான். பிள்ளை அப்படியல்ல, அது முறுகும். பின்னேர ஓட்டத்தில் தண்ணீர்ப் போத்தலுக்குச் சண்டை, ஜன்னல் பக்கத்துக்குச் சண்டை, ஒருவன் மற்றவனைக் கிள்ள அவன் அழுவான், சின்ன விசயத்துக்கெல்லாம் கண்ணீர். "குழப்படி" என்று ரீச்சர்மார் கொப்பியில் எழுதி அனுப்புவதும் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான். அதே வானில், எட்டு மணிக்குப் படுக்கிற வீட்டிலிருந்து வருகிற அண்ணன் தங்கை இருவர் இருக்கிறார்கள். அவர்களும் குழப்படிதான். ஆனால் அது சந்தோசக் குழப்படி, வித்தியாசம் தெரியும். திங்கட்கிழமைதான் எல்லாவற்றிலும் மோசம். வெள்ளி, சனி இரவுகளில் பன்னிரண்டு மணிவரை விழித்திருந்து, ஞாயிறு ஒன்பது மணிக்கு எழும்பிய பிள்ளைக்கு ஞாயிறு இரவு நித்திரை எப்படி வரும்? கிழமை முழுக்கக் குறைந்த நித்திரையைச் சீட்டுக் காசு போல ஞாயிறு மொத்தமாகக் கட்டித் தீர்க்க ஏலாது.

இன்னொன்றும் இருக்கிறது. இரவு முழுக்க நித்திரை ஒரே மாதிரி ஓடுவதில்லை. படுத்த முதல் சில மணித்தியாலங்களில் ஆழ்ந்த நித்திரை அதிகம், வளர்ச்சி ஹோர்மோன் பெரும்பாலும் அப்போதுதான் சுரக்கிறது. விடியப்போகும் நேரத்தில் கனவு காண்கிற நித்திரை அதிகம். பகலில் படித்ததை மூளை அடுக்கிப் பதித்துவைப்பது நித்திரையில்தான். நாலு மணிக்குப் பிள்ளையை உலுப்பி எழுப்பும்போது அந்தக் கடைசிப் பகுதியைத்தான் வெட்டி எறிகிறோம். முதல் நாள் மாலை வகுப்பில் காசு கட்டிப் படித்ததை, அடுத்த நாள் காலை வகுப்புக்காக அழிக்கிறோம். அதற்கும் காசு கட்டுகிறோம்.

விடிய எழும்புவது நல்ல பழக்கம்தானே, நாங்கள் எல்லோரும் அப்படித்தானே படித்தோம் என்று கேட்பார்கள். படித்தோம். ஆனால் எத்தனை மணிக்குப் படுத்தோம் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம்போத்தல் விளக்கில் சொட்டு எண்ணெய் விட்டு, பஞ்சுத்திரி போட்டு எரித்த காலம். அந்த வெளிச்சத்தில் சாப்பிட்டு முடிந்ததும் அம்மா ஊதி அணைத்துவிடுவா, எண்ணெய் நாளைக்கும் வேண்டும். எட்டு மணிக்கு ஊரே படுத்துவிடும். எட்டு மணிக்குப் படுத்த பிள்ளை ஐந்து மணிக்குத் தானாக எழும்பும், ஒருவரும் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. இப்போது பழைய எழும்பும் நேரத்தையும் புதிய படுக்கும் நேரத்தையும் ஒன்றாகப் பிள்ளையின் தலையில் வைக்கிறோம்.

நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் வயதுக்காரருக்கு மறந்திருக்காது, இளம் பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. 1996 இல் மழையில்லாமல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம். சில மாதங்களில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல்வரை நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை எடுக்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தது. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு நான் வவுனியாவிலிருந்து சாமான் ஏற்றிவரும் லொறியில் கிளீனராக இருந்தேன். ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டியதும் டிறைவர் அண்ணை கையிலிருந்த மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார், திரும்பிப் போகும்போது முன்னுக்கு. "புது நேரமோ பழைய நேரமோ?" என்று கேட்காமல் ஒருவருக்கும் ஒரு நேரம் சொல்ல ஏலாது. கலியாண வீட்டு அழைப்பிதழில்கூட அதைக் குறிப்பிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். தை மாதத்தில் இங்கே சூரியன் வெளிக்கிட ஆறரை ஆகும். புது நேரம் இருந்த தெற்கில் அது ஏழு மணி. அங்கே பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. தாய் தகப்பன்மார் பத்து வருடம் குறைப்பட்டார்கள். 2006 இல் மணிக்கூட்டைப் பழையபடி திருப்பியதற்கு அந்த முறைப்பாடும் ஒரு காரணம். பிள்ளைகள் இருட்டில் வீட்டைவிட்டு வெளிக்கிடக்கூடாது என்பதற்காகவும் ஒரு நாடே தன்னுடைய மணிக்கூட்டை மாற்றியிருக்கிறது. பழைய நேரத்தை விடாமல் பிடித்திருந்த வன்னியில் இப்போது ஒருவரும் கட்டாயப்படுத்தாமல், நாங்களே காசு கொடுத்து, அந்த இருட்டுக்குள் பிள்ளைகளை அனுப்புகிறோம். நான் லைட் போட்டு ஓட்டுகிறேன்.

நகரப் பாடசாலை மோகத்தைப் பற்றி எழுதினால் என் தொழிலில் மண் விழும், அதனால் ஒரு வரியோடு விடுகிறேன். வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பாடசாலை இருக்க, அதைத் தாண்டி என் வானில் வருகிற சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு நாளும் போகவர இழக்கிற நேரமும் நித்திரையிலிருந்துதான் போகிறது.

எல்லாப் பழியும் ரியூசன் மேல் போடுவதும் சரியில்லை. ஐந்தரை வகுப்புக்குப் போகாத பிள்ளைகளும் வானில் தூங்கத்தான் செய்கிறார்கள். அங்கே காரணம் போன். 2020, 2021 இல் கொரோனாவால் பாடசாலை பூட்டியபோது, பாடம் வட்ஸ்அப்பில் வருகிறது என்று பிள்ளைகளின் கையில் கொடுத்தோம். பாடசாலை திறந்தது, போன் திரும்பி வரவில்லை. இருட்டறைக்குள் முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்க்கிற அந்த வெளிச்சம், மெலடோனின் என்ற ஹோர்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும். இருட்டுப்பட்டதும் மூளைக்குள் சுரந்து, நித்திரைக்கு நேரமாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். சாப்பாடு தீத்தப் போன், அழுதால் போன் என்று இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. என் மனைவி கிளினிக்கில் இதைச் சொல்லும்போது, மடியில் இருக்கிற பிள்ளை போன் பார்த்துக்கொண்டிருக்குமாம்.

அடுத்தது தேத்தண்ணி. படிக்கிற பிள்ளை தூங்கிவிடக்கூடாது என்று இரவு எட்டு மணிக்குச் சாயம் கூட்டிப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். பாசத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் தேயிலையிலும் நித்திரையைக் கலைக்கிற கஃபீன் இருக்கிறது. பெரியவர் உடம்பிலேயே அது பாதியாகக் குறைய ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். பிள்ளை பத்து மணிக்குப் பாயில் புரண்டுகொண்டு கிடந்தால் கண்ணூறு பட்டுவிட்டது என்று திருநீறு போட ஓடுகிறார்கள். திருநீறு போடுங்கள், அந்தத் தேத்தண்ணியையும் நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்றும் கேட்பார்கள். எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில், ஐந்தரை இலட்சம் ரூபா உதவியில் கட்டிய வீடு. இரண்டு அறை, ஒரு விறாந்தை. பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கட்டில் என்று புத்தகத்தில் போடுவதெல்லாம் இங்கே நடக்காது, நடக்கத் தேவையும் இல்லை. என் மாமி பிள்ளைகளோடு பாய் போட்டுப் படுப்பா. இருட்டுப்பட்டதும் கிணற்றடியில் மேல் கழுவல், ஏழு மணிக்குப் புட்டோ இடியப்பமோ. அது முடிந்தால் பெரிய லைட் இல்லை. மூன்று போனும் குசினித் தட்டில் சார்ஜில், என்னுடையதும் சேர்த்து. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நுளம்பு வலைக்குள் பிள்ளைகள் போன பிறகு மாமி கதை சொல்வா. பெரும்பாலும் ஒரே நரிக்கதை. பிள்ளைகளுக்கு அடுத்த வரி தெரியும், அதுதான் அவர்களுக்குப் பிடிக்கும். எட்டரைக்கு முன் சத்தம் அடங்கிவிடும்.

இது ஒரே நாளில் வரவில்லை. பத்து மணிக்குப் படுத்துப் பழகிய பிள்ளையை இன்றைக்கு எட்டு மணிக்குப் படு என்றால் கண்ணை முழித்துக்கொண்டு கிடக்கும், பிறகு எல்லோருக்கும் கோபம் வரும். சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணித்தியாலம் கால் மணித்தியாலமாக முன்னுக்குக் கொண்டு வந்தோம். அதைவிட முக்கியம், எழும்பும் நேரத்தை முதலில் கட்டிப்போட்டோம். லீவு நாளிலும் அதே நேரம், கூடினால் ஒரு மணித்தியாலம் பிந்தலாம். எழும்பினதும் முற்றத்தில் வெயில் படுகிற இடத்தில் நின்று பல் விளக்க விடுவோம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவு நித்திரை நேரத்துக்கு வரும். வன்னியில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை.

இதையெல்லாம் சொல்வது எனக்குச் சுலபம் என்றும் தெரியும். என் றோட்டில் காமன்ஸுக்கு, அதாவது ஆடைத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிற தாய்மார் எத்தனையோ பேர். விடிய ஐந்தரைக்கு அவர்களுடைய பஸ் வரும், இரவு ஏழரைக்குத்தான் திரும்ப இறக்கும். பிள்ளை காலையில் எழும்பும்போது அம்மா இல்லை. இரவில் அம்மாவைக் காணாமல் படுக்கவும் மாட்டாது. "எட்டு மணிக்குப் படுக்க வை" என்று அந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வது? ஒரு தாயிடம் மனைவி சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அம்மம்மா வீட்டில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் பிள்ளை படுக்கட்டும், அந்த நேர ரியூசனை விட்டுவிடுங்கள். நீங்கள் வந்து இறங்கினதும் ஒரு மணித்தியாலம் போன், ரீவி, வீட்டுவேலை ஒன்றும் வேண்டாம், பிள்ளையோடு சாப்பிட்டு அப்படியே படுங்கள், சட்டி பானை காலையில் பார்க்கலாம். அந்தத் தாய்க்கு அது சரிவந்தது. எல்லோருக்கும் சரிவரும் என்று சொல்லமாட்டேன்.

இந்தப் பெற்றோரைத் திட்ட எனக்கு மனமில்லை. 2009 இல் பத்துப் பதினைந்து வயதாக இருந்தவர்கள்தான் இன்றைக்கு என் வானில் வருகிற பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். பங்கருக்குள்ளும், தறப்பாள் கொட்டிலுக்குள்ளும், பிறகு செட்டிகுளம் முகாமிலும் படுத்து எழும்பியவர்கள். இரவில் விழித்திருப்பதுதான் பாதுகாப்பு என்று அவர்களுடைய உடம்பு படித்த வயது அது. ஒட்டுசுட்டானில் இருக்கிற என் தங்கை, தோட்டத்தில் யானை கலைக்க வெடி போட்டால் இன்றைக்கும் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவாள், பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. வீடு, காணி, நகை எல்லாம் போய்விட்டன, படிப்பு ஒன்றுதான் பறிபோகாது என்று நம்புகிறவர்கள் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்புவது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. அந்தப் பயத்தை வைத்துக் காசு பார்ப்பதுதான் விளங்கவில்லை. "காலை வகுப்புக்கு வராவிட்டால் வெட்டுப்புள்ளி கனவுதான்" என்று ஒரு தாய்க்கு முகத்துக்கு நேரே சொன்னதை நானே கேட்டேன்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்லவேண்டும், கோயில்காரர் கோபிக்கக்கூடாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவில் நித்திரை முழிப்பது எங்களுக்குப் பெருமை, வருடத்தில் ஒரு நாள். அதைப்பற்றி நான் கதைக்கவில்லை. ஊருக்குள் பத்து நாள், பன்னிரண்டு நாள் திருவிழா வைக்கிற இடங்களில் விடிய நாலரைக்கே நாலு பக்கமும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். பிறந்தநாள் வீடுகளில் இரவு ஒரு மணிவரை பெரிய பொக்ஸ் வைத்து அடிக்கிறார்கள், அதற்குச் சாமியும் காரணமில்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. விசேட சமய நிகழ்வு என்றால் அயலில் இருக்கிறவர்களின் கருத்தைக் கேட்டு நீடிக்கலாம். எங்கள் ஊரில் எந்த அயலவனிடம் யார் கேட்டார்கள்?

பெரிய வகுப்புப் பிள்ளைகளின் கதை வேறு. பருவ வயதில் அந்த மெலடோனின் சுரக்கிற நேரமே ஒன்றிரண்டு மணித்தியாலம் பிந்திவிடும். பதினைந்து வயதுப் பொடியன் பத்தரைக்கு முன் நித்திரை வராமல் கிடப்பது முழுக்க அவனுடைய குற்றமில்லை. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014 இல், வளர்ந்த பிள்ளைகளின் பாடசாலை எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்றது. கலிபோர்னியாவில் சட்டமே கொண்டு வந்து 2022 இலிருந்து உயர்தரப் பள்ளிகளை எட்டரைக்கு மாற்றினார்கள். இங்கே ஏழரையை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. வெயிலுக்குமுன் தொடங்கி முடிப்பதில் நியாயம் இருக்கிறது. ஏழரைக்கு முன்னால் இன்னொரு வகுப்பை ஒட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மனைவி எழுதச் சொன்ன ஒரு விசயம். நேரத்துக்குப் படுத்தும் பிள்ளை காலையில் சோர்ந்து எழும்பினால், இரவில் பலமாகக் குறட்டை விட்டால், மூச்சு இடையில் நின்று திணறினால், அதைப் பகிடியாக எடுக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தொண்டைச் சதை வீங்கியிருக்கலாம். இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு புரள்கிற பிள்ளைக்குப் பூச்சி இருக்கலாம். கீரிப்பூச்சி இரவில்தான் வெளியே வந்து முட்டையிடும். மருந்து சின்ன மருந்துதான், வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுக்கவேண்டும்.

இனி நான் கேட்பது. தரம் 5 வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலைக்கு முன்னர் எந்தத் தனியார் வகுப்பும் வேண்டாம். மாலை வகுப்பு ஐந்தரைக்கு முடியட்டும். ஒரு நிலையம் மட்டும் செய்தால் பிள்ளைகள் பக்கத்து நிலையத்துக்குப் போய்விடும் என்பார்கள், உண்மை. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது வகுப்பு, கருத்தரங்கு எதுவும் நடத்தக்கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் தடை போடுகிறதே, அப்போது எல்லோரும் சேர்ந்துதானே பூட்டுகிறார்கள்? அந்த நாட்களில் என் வானில் தரம் 5 பிள்ளைகள் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள், எனக்குத் தலையிடி.

வலயக் கல்வி அலுவலகமும் பிரதேச சபையும் நிலையம் நடத்துகிறவர்களையும் வான்காரரையும் ஒன்றாகக் கூப்பிட்டால் போதும். எங்கள் வான்காரர் பக்கம் நான் கதைத்துவிட்டேன். எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துவதென்றால் விடியப்புற ஓட்டத்தை விடத் தயார், தனியே விட்டால் பிள்ளைகளை அடுத்த வானுக்குக் கொடுக்கவேண்டி வரும் என்கிறார்கள். நியாயமான கதை. அடுத்த தவணை தொடங்கமுதல் அந்தக் கூட்டத்தை வையுங்கள். பின்னேரம் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் வைத்தால் எங்களுக்கு ஓட்டம் இல்லை, எல்லோரும் வரலாம். அதிபர் ஐயாவும் வந்தால் நல்லது. வாகனம் இல்லாவிட்டால் நானே வந்து ஏற்றுவேன்.

இப்படிக்கு,
பாடசாலை வான் சாரதி ஒருவர்,
விசுவமடு.